உணவுக்கழிவுத் தொட்டிக்கு எவ்வளவு சூடு வேண்டும்?

சுங்கை பூலோ என்றதும் நம்மில் பலருக்கு உடனே நினைவுக்கு வருவது பூச்செடிகள். 1930-ஆம் ஆண்டில் தொழுநோயாளர் குடியிருப்பாகத் தொடங்கப்பட்டு, பிற்காலத்தில் நம்பிக்கைப் பள்ளத்தாக்கு என்று பெயர் பெற்ற இடம் அது. நோய் நீங்கியவர்கள் அங்கேயே தங்கிச் செடி வளர்த்து விற்றார்கள். இன்று அங்கே வரிசை வரிசையாக நாற்றுப் பண்ணைகளைக் காண்கிறோம். மண்ணும் எருவும் அன்றாடம் தேவைப்படும் இடம். அதே வட்டாரத்தில் உணவுக்கடைகளும் பள்ளிச் சிற்றுண்டிச்சாலைகளும் தொழிற்சாலைக் கேன்டீன்களும் இருக்கின்றன. அங்கே மிஞ்சிப்போன சோறும் குழம்பும், மீன் தலையும், காய்கறித் தோலும் நாள் தவறாமல் குப்பை வண்டி ஏறிப் போகின்றன. நம் நாட்டு வீட்டுக் குப்பையில் ஏறத்தாழப் பாதி உணவுக் கழிவுதான். அது மண்ணுக்கடியில் புதைந்தால் அழுகி, மீத்தேன் என்னும் எரிவாயுவாக வெளியேறுகிறது. பூச்சோங்கை அடுத்த ஆயர் ஹீத்தாமில் 1995 முதல் 2006 வரை குப்பை புதைத்த இடத்தில், அவ்வாறு கிளம்பிய வாயுவைக் குழாய் வைத்துப் பிடித்து மின்சாரம் எடுத்தார்கள் என்பதை நேயர்கள் சிலர் அறிந்திருக்கலாம்.

புதைத்த பிறகு பிடிப்பதைவிட முதலிலேயே மூடிய தொட்டியில் இட்டால் என்ன? அடுப்புக்கு வாயு, மிஞ்சும் குழம்பு செடிக்கு எரு. இந்த யோசனை புதிதல்ல. பம்பாய் மாதுங்காவிலிருந்த தொழுநோயாளர் இல்லம் ஒன்றில் 1897-ஆம் ஆண்டிலேயே கழிவுத் தொட்டியிலிருந்து வாயுவைப் பிடித்தார்கள். 1907-இல் அந்த வாயுவைக் கொண்டு எந்திரமும் ஓட்டினார்கள். இந்தியாவின் சாண எரிவாயு வரலாறு தொழுநோயாளர் இல்லத்தில் தொடங்குகிறது என்பது சுங்கை பூலோக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

இன்று நாம் எடுத்துக்கொண்ட கேள்வி சிறியது. தொட்டியை எத்தனை பாகைச் சூட்டில் வைத்திருப்பது? நம் ஊர் வெயிலின் சூடே போதுமா? 37 பாகைக்குச் சூடாக்குவதா? அல்லது விற்பனையாளர்கள் சிலர் சொல்வதுபோல் 55 பாகைக்கு ஏற்றுவதா? கேள்வி சிறியதுதான்; ஆனால் இதில் தவறினால் தொட்டி சில மாதங்களில் புளித்து நாறி, மூடிப் பூட்டப்பட்டுவிடும். போட்ட பணமும் போய், மீண்டும் குப்பை வண்டியைத்தான் எதிர்பார்க்க வேண்டியிருக்கும். இங்கே பாகை என்று நாம் சொல்வதெல்லாம் செல்சியஸ் பாகை.

தொட்டிக்குள் நடப்பதை விளங்கிக்கொள்ள இட்லி மாவை நினைத்துக்கொள்வோம். கிள்ளானில் இரவு கரைத்து வைத்த மாவு விடிவதற்குள் பொங்கி வழிகிறது. அதே மாவு கேமரன் மலையில் மறுநாள் மதியமானாலும் அசைவதில்லை. நுண்ணுயிர்களின் வேலை சூட்டைப் பொறுத்தது. அவற்றுக்கு ஏற்ற எல்லைக்குள் 10 பாகை ஏறினால் வேலை ஏறத்தாழ இரட்டிக்கிறது என்பது பொதுக் கணக்கு.

ஆனால் மாவுப் பாத்திரத்தில் இல்லாத ஒரு சிக்கல் எரிவாயுத் தொட்டியில் உண்டு. அங்கே வேலை செய்வது ஒரு கூட்டுக் குடும்பம். முதலில் ஒரு கூட்டம் சோற்றையும் கறியையும் கரைக்கிறது. அடுத்த கூட்டம் கரைந்ததைப் புளிக்க வைத்து அமிலங்களாக்குகிறது. இவை இரண்டும் சுறுசுறுப்பானவை, எதையும் தாங்குபவை. கடைசிக் கூட்டந்தான் அந்த அமிலத்தைத் தின்று மீத்தேன் தருகிறது. அது மெதுவாக வளர்வது, எளிதில் வாடுவது, காற்றுப் பட்டாலே சாவது. முன்னவர்கள் ஆக்கும் அமிலத்தைப் பின்னவர்கள் அன்றன்றே தின்று தீர்த்தால் குடும்பம் நடக்கும். பின்னவர்கள் சிறிது களைத்தாலும் அமிலம் தேங்கும். தேங்கிய அமிலம் அவர்களை மேலும் வாட்டும். பிறகு தொட்டி முழுவதும் ஊறுகாய்ச் சாடிதான். எனவே சூட்டைத் தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டியவர்கள் இந்தக் கடைசிக் கூட்டத்தார்.

இவர்களில் இரண்டு பெரும் குலங்கள் உண்டு. ஒன்று 30 பாகைக்கும் 40 பாகைக்கும் இடையில் நன்றாக வாழ்வது. 35 முதல் 38 வரை அதற்கு மிகவும் உகந்தது. இதனை மிதவெப்பக் குலம் என்போம். பசுவின் உடற்சூடு 38 பாகையைச் சற்றே தாண்டியது. அதன் வயிற்றில் வாழ்வதும், சாணத்தோடு நமக்குக் கிடைப்பதும் இந்தக் குலந்தான். மற்றொன்று 50 முதல் 60 பாகை வரை வாழ்வது. 55 அதற்கு உகந்தது. இது உயர்வெப்பக் குலம். இரண்டுக்கும் நடுவே, 45 பாகையை ஒட்டிய இடம் ஏறக்குறைய யாருக்கும் சொந்தமில்லாத புறம்போக்கு. மிதவெப்பத் தொட்டி எப்படியோ சூடேறி அங்கே போய் நின்றால் வாயு குறைந்துவிடும். சூடு கூடியும் வாயு கூடவில்லையே என்று திகைப்பவர்கள் இதனை நினைவில் வைக்கவேண்டும்.

55 பாகைக்காரர்கள் சொல்லும் நன்மைகள் பொய்யல்ல. அங்கே வேலை விரைவு. ஆகவே தொட்டி சிறிதாக இருந்தால் போதும். ஆட்டுக் கொழுப்பும் குழம்பின் நெய்ப்பசையும் உருகிக் கலந்துவிடுவதால் மேலே ஆடை கட்டுவது குறைவு. நோய்க்கிருமிகள் மடிகின்றன. தக்காளி விதையும் களை விதையும் முளைக்கும் சக்தியை விரைவில் இழக்கின்றன. நாற்றுப் பண்ணைக்காரர்களுக்கு இது சிறிய செய்தியல்ல. குளிர்நாட்டில் இவற்றுக்கெல்லாம் எதிராகச் சொல்லப்படுவது எரிபொருள் செலவு. அங்கே மார்கழி தை மாதங்களில் 5 பாகையில் வரும் கழிவை 55-க்கு ஏற்றவேண்டும். நமக்கு அந்தக் கவலை பாதிதான். சுபாங், சுங்கை பூலோ வட்டாரத்தில் பகலில் 32, 33 பாகை, விடியற்காலையில் 24, ஆண்டு முழுவதற்குமான சராசரி 27, 28. அப்படியானால் நமக்கு 55 பாகை எளிதாயிற்றே என்று தோன்றும். தடை வேறு இடத்தில் இருக்கிறது. அதன் பெயர் அம்மோனியா.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அம்மோனியா வாடையை நாம் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பால் வெட்டும் இடத்திலும் ஸ்டோரிலும் மூக்கைத் துளைத்தது அதுதான். சுங்கை பூலோவிலேயே ரப்பர் ஆய்வுக் கழகத்தின் சோதனைத் தோட்டம் பல்லாண்டுகள் இருந்தது. அதன் பெரும்பகுதி நிலத்தில் இன்று குவாசா டமான்சாரா நகரம் எழுந்து வருகிறது. ரப்பர் பாலில் ஏன் அம்மோனியா கலந்தார்கள்? பாலில் புகுந்த நுண்ணுயிர்கள் அமிலத்தை உண்டாக்கி அதனைத் திரளச் செய்துவிடும். அம்மோனியா அந்த நுண்ணுயிர்களை அடக்கும், அமிலத்தையும் முறிக்கும். கடைந்து கெட்டியாக்கிய பாலில் கிலோவுக்கு 7 கிராம் அளவுக்கு அதனைச் சேர்த்து மாதக்கணக்கில் கெடாமல் வைத்திருக்கிறார்கள்.

அதே அம்மோனியா உணவுக்கழிவுத் தொட்டியில் தானாகவே உண்டாகிறது. மீன், இறைச்சி, முட்டை, பருப்பு எல்லாவற்றிலும் புரதம் இருக்கிறது. புரதம் சிதைந்தால் அம்மோனியா. நம் வட்டாரத்து எச்சில் தட்டுகளை எண்ணிப் பாருங்கள். நாசி லெமாக்கில் நெத்திலியும் முட்டையும், ரொட்டி சானாயோடு பருப்புக் குழம்பு, மதியச் சோற்றோடு கோழியும் மீனும். நீர் சேர்க்காமல் இட்டால் தொட்டிக் குழம்பில் லிட்டருக்கு 5 கிராம் வரை அம்மோனியா ஏறக்கூடும். ரப்பர் பாலை மாதக்கணக்கில் கெடாமல் காப்பாற்றும் அளவிலிருந்து இது வெகுதூரத்தில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் எல்லா அம்மோனியாவும் தீங்கு செய்வதில்லை. அது தண்ணீரில் இரண்டு வடிவங்களில் இருக்கிறது. மின்னேற்றம் பெற்ற வடிவம் நுண்ணுயிரின் தோலைக் கடந்து உள்ளே போகாது. மின்னேற்றம் அற்ற வடிவந்தான் உள்ளே புகுந்து கெடுக்கும். எந்த வடிவம் எவ்வளவு என்பதைச் சூடும், புளிப்பைக் காட்டும் பி.எச். எண்ணும் முடிவு செய்கின்றன. பி.எச். 7.8 என்று வைத்துக்கொண்டால், 35 பாகையில் கெடுக்கும் வடிவம் மொத்தத்தில் 100-க்கு 7 பங்கு. அதே தொட்டியை 55 பாகைக்கு ஏற்றினால் 100-க்கு 20 பங்கு. உள்ளே போட்ட உணவு மாறவில்லை, மொத்த அம்மோனியா மாறவில்லை. நஞ்சு மட்டும் ஏறக்குறைய மூன்று மடங்கு. சூடான தொட்டியில் புரதம் சற்று முழுமையாகச் சிதைவதால் மொத்த அம்மோனியாவும் கூடத்தான் செய்யும்.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல. இங்கிலாந்தில் லட்லோ என்னும் சிற்றூரில் வீடுகளிலிருந்து தனியாகப் பிரித்து வாங்கிய உணவுக் கழிவைக் கொண்டு 2006-இல் ஒரு தொட்டி தொடங்கினார்கள். அதனை 42 பாகையில் நடத்தினார்கள். டன் ஒன்றுக்கு 156 கன மீட்டர் வாயு கிடைத்தது. அதில் 100-க்கு 62 பங்குக்கு மேல் மீத்தேன். மிக நல்ல விளைச்சல். ஆயினும் அம்மோனியா உயர்ந்து நின்றது, அமிலமும் தேங்கியது. அதனை ஆராய்ந்த சௌத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்துச் சார்ல்ஸ் பேங்க்ஸ் குழுவினர், உணவுக் கழிவில் செலினியம், கோபால்ட் போன்ற நுண்சத்துகள் போதாமல் இருப்பதையும், அவற்றை மிகச் சிறிய அளவில் சேர்த்தால் மிதவெப்பத் தொட்டி அந்த அம்மோனியாவைத் தாங்கிக்கொள்வதையும் கண்டறிந்தார்கள். 55 பாகையில் அதே மருந்து அந்த அளவுக்குக் கைகொடுக்கவில்லை. அங்கே லிட்டருக்கு 3 கிராமை ஒட்டியே அம்மோனியாவைக் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது.

அப்படியானால் பெல்ஜியத்தில் பிரெக்ட் என்னும் ஊரில் 1992 முதல் 50 பாகைக்கு மேல் வெற்றிகரமாக நடத்துகிறார்களே என்று கேட்கலாம். அங்கே சமையலறைக் கழிவோடு தோட்டத்துக் கழிவும் காகிதமும் சேர்ந்து போகின்றன. இலையிலும் காகிதத்திலும் புரதம் அற்பம். ஆகவே அம்மோனியா தணிகிறது. 55 பாகை வேண்டுமென்பவர் முதலில் தம் கழிவு எதனால் ஆனது என்று பார்க்கவேண்டும். காய்கறிச் சந்தைக் கழிவுக்கு ஒரு விடை. கோழிச்சோற்றுக் கடைக் கழிவுக்கு வேறு விடை.

அம்மோனியாவைத் தண்ணீர் ஊற்றித் தணிக்கலாமே? தணிக்கலாம். ஒரு பங்கு கழிவுக்கு ஒரு பங்கு நீர் சேர்த்தால் பாதியாகும். ஆனால் ஊற்றும் தண்ணீரையும் சூடாக்க வேண்டும். வெளியே வரும் குழம்பும் இரு மடங்காகும்.

இனிச் செலவுக் கணக்குக்கு வருவோம். நாளொன்றுக்கு 100 கிலோ உணவுக் கழிவு சேரும் ஒரு கேன்டீனை எடுத்துக்கொள்வோம். 100 லிட்டர் நீர் சேர்த்து இடுகிறோம். லட்லோ அளவுக்கு ஆசைப்படாமல் நாளொன்றுக்கு 10 கன மீட்டர் வாயு என்று வைத்தால், அது 4½ கிலோவுக்குச் சற்று மேற்பட்ட சமையல் வாயுவுக்குச் சமம். 14 கிலோ எரிவாயுத் தோம்பு ஒன்றை மூன்று நாளுக்கு ஒருமுறை மிச்சம் பிடிக்கலாம். சூடாக்காத தொட்டியில் கழிவை 60 நாளாவது தங்கவைக்க வேண்டும். தொட்டி 12 கன மீட்டர். 37 பாகையில் 40 நாள். தொட்டி 8 கன மீட்டர். 55 பாகையில் 25 நாள். தொட்டி 5 கன மீட்டர். இடம் மிச்சமாவது உண்மைதான்.

இப்போது சூட்டுச் செலவு. 28 பாகையில் வரும் கழிவை ஏற்றுவதற்கும், சுவர் வழியாகக் கசியும் சூட்டை ஈடுசெய்வதற்கும் கணக்கிட்டால், நன்றாகக் காப்புறை போர்த்திய 37 பாகைத் தொட்டி தன் வாயுவில் பத்தில் ஒரு பங்கைத் தானே தின்னும். காப்புறை போர்த்திய 55 பாகைத் தொட்டி கால் பங்கைத் தின்னும். காப்புறையே இல்லாத வெறும் இரும்புத் தொட்டி என்றால் 37 பாகையில் பாதி வாயு போய்விடும்; 55 பாகையில் கிடைக்கும் வாயு முழுவதையும் எரித்தாலும் போதாது. சிறிய தொட்டிக்கு அதன் கொள்ளளவோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு அதிகம். ஆகவே சூடு கசிவதும் அதிகம். பெரிய ஆலைகளின் கணக்கைச் சிறிய கேன்டீனுக்குச் சொல்லி விற்பதில் உள்ள ஏமாற்று இங்கேதான் இருக்கிறது.

செலவைக்காட்டிலும் நமக்குப் பெரிதாகத் தோன்றுவது சூட்டின் நிலைத்தன்மை. மிதவெப்பக் குலம் ஒரு நாளில் 2, 3 பாகை ஏற்ற இறக்கத்தைப் பொறுத்துக்கொள்ளும். உயர்வெப்பக் குலத்துக்கு ஒரு பாகைக்கு மேல் ஆகாது என்பார்கள். நம் கிள்ளான் பள்ளத்தாக்கு மழையைத்தான் நேயர்கள் அறிவீர்களே. பிற்பகல் மூன்று மணிக்கு 33 பாகை. இடி இடித்துக் கொட்டி ஓய்ந்தால் நான்கு மணிக்கு 24. வெளியே வெயிலில் நிற்கும் சிறிய பிளாஸ்டிக் தொட்டி பகலெல்லாம் காய்ந்து மாலையில் நனைந்து குளிர்கிறது. இரவில் மின்சாரம் அறுந்தால் சூடேற்றியும் நின்றுவிடும். பெரிய தொட்டி தன் கனத்தாலேயே சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சிறியது விட்டுவிடும். எனவே 55 பாகையில் தத்தளிக்கும் தொட்டியைவிட 30 பாகையில் அசையாமல் நிற்கும் தொட்டி நமக்கு அதிக வாயு தரும் என்று சொல்லத் தயங்கமாட்டோம். மண்ணுக்குள் பாதியளவு புதைத்துக் கூரை போட்டால் சூடு 28 பாகையை ஒட்டி இரவும் பகலும் நிலையாக நிற்கும். தாழ்வான நிலத்தில் ஊற்றுநீர் மேலே இருக்குமானால் மட்டும் எச்சரிக்கை வேண்டும். காலித் தொட்டியை நீர் படகுபோல் தூக்கிவிடும்.

உயர்வெப்பம் நம் நாட்டில் எங்கே பொருந்தும்? செம்பனை ஆலையில் பொருந்தும். பழக்குலையை நீராவியில் அவித்துப் பிழிந்தபின் வரும் கழிவுநீர் 80, 90 பாகைச் சூட்டோடு வெளியேறுகிறது. அதனை 37 பாகைக்குக் கொண்டுவர ஆறவைக்கத்தான் வேண்டும். 55 பாகைக்கு இறக்குவது அதைவிட எளிது. சூடு இலவசம், இரவும் பகலும் ஆள் உண்டு, ஆய்வுக்கூடம் உண்டு, புரதமும் குறைவு. ஆயினும் அங்கேயும் எல்லாரும் உயர்வெப்பத்துக்குப் போய்விடவில்லை. புத்ரா பல்கலைக்கழகமும் ஜப்பானின் கியூஷு தொழில்நுட்பக் கழகமும் நெகிரி செம்பிலானில் செர்த்திங் ஹிலிர் பெல்டா ஆலையில் 500 கன மீட்டர் தொட்டி அமைத்து ஆராய்ந்தபோது மிதவெப்பத்தையே எடுத்துக்கொண்டார்கள். கழிவுநீர் டன் ஒன்றுக்கு 28 கன மீட்டர் வாயு என்பது அத்துறையில் வழங்கும் கணக்கு. 2014-ஆம் ஆண்டு முதல் புதிய ஆலைகள் இவ்வாயுவைப் பிடிக்க ஏற்பாடு செய்தாக வேண்டும் என்று செம்பனை எண்ணெய் வாரியம் விதித்தது.

இந்தியாவில் இரண்டு வழிகள் நம் கவனத்துக்கு உரியவை. புனாவில் ஆனந்த் கர்வே நிறுவிய அமைப்பு, வீட்டு மாடிக்குத் தண்ணீர் ஏற்றும் பிளாஸ்டிக் தொட்டிகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று கவிழ்த்து, எந்தச் சூடும் ஏற்றாமல் சமையலறைக் கழிவிலிருந்து வாயு எடுத்துக் காட்டியது. 2006-இல் அதற்கு ஆஷ்டென் விருது கிடைத்தது. நாளுக்கு ஒன்றிரண்டு கிலோ கழிவு உள்ள வீட்டுக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியதில்லை. மற்றொன்று பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் சரத் காலே வகுத்த நிசர்க்ருணா முறை. அங்கே தொட்டி இரண்டு. முதல் தொட்டியில் சூரிய வெப்பத்தில் காய்ச்சிய வெந்நீரும் காற்றும் விட்டு, சூட்டை விரும்பும் நுண்ணுயிர்களைக் கொண்டு கழிவைக் கரைக்கிறார்கள். கரைந்தது பிறகு சூடேற்றாத பெரிய தொட்டிக்குப் போய் மீத்தேனாகிறது. கரைப்பவர்களுக்குச் சூடு, மீத்தேன் தருபவர்களுக்கு இதம் என்று பிரித்துக் கொடுத்த ஏற்பாடு. முதல் தொட்டியில் காற்றோடு சேர்ந்து சிறிது சக்தி வீணாகும். அந்தச் சிறு குறையைப் பொறுத்துக்கொள்ளலாம்.

சுங்கை பூலோ நாற்றுப் பண்ணையும் பக்கத்துக் கேன்டீனும் கைகோத்தால் எதைத் தேர்வது? பழத்தோலும் காய்கறியும் மிகுந்த சிறிய அளவு என்றால் புதைத்த, சூடேற்றாத தொட்டி போதும். 100 கிலோ அளவில் சோறும் கறியும் கலந்து வந்தால் 35 முதல் 38 பாகை. காப்புறையைக் கண்டிப்பாகப் போடவேண்டும். 55 பாகை வேண்டாம் என்பதே நம் முடிவு.

கிருமியும் களை விதையும் என்னாவது என்று பண்ணைக்காரர் கேட்பது நியாயம். அதற்குத் தொட்டி முழுவதையும் சூடாக்கத் தேவையில்லை. உள்ளே போவதை மட்டும் சூடாக்கலாம். இறைச்சி கலந்த கழிவை 12 மில்லிமீட்டருக்குள் அரைத்து, 70 பாகையில் ஒரு மணி நேரம் வைத்திருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. நம் கேன்டீனின் 100 கிலோவை அவ்வாறு காய்ச்சக் கிடைக்கும் வாயுவில் பன்னிரண்டில் ஒரு பங்கு செலவாகும். ஆனால் அந்தச் சூடு வீணாவதில்லை. 70 பாகையில் உள்ள 100 கிலோவோடு 28 பாகையில் உள்ள 100 லிட்டர் நீர் கலந்தால் 49 பாகை. அதனைச் சிறிது சிறிதாக 37 பாகைத் தொட்டிக்குள் விட்டால், சுவர் வழியாகக் கசியும் சூட்டில் பெரும்பகுதியை அதுவே ஈடுகட்டிவிடும். தொட்டிக்கென்று தனிச் சூடேற்றி ஏறக்குறைய வேண்டாமற்போகிறது. கழிவைக் காய்ச்ச வசதி இல்லாதவர்கள் குழம்பைப் பூச்செடிக்கும் மரக்கன்றுக்கும் மட்டும் பயன்படுத்தட்டும். பச்சையாகத் தின்னும் கீரைக்கும் உலாமுக்கும் வேண்டாம். பூச்செடிக்கும் நீர் கலந்து நீர்த்தே ஊற்றவேண்டும். அம்மோனியா வேரைக் கருக்கும்.

தொடங்கும்போது விதை வேண்டும். மிதவெப்பத்துக்குப் புதுச்சாணம் போதும். மாட்டுக்கொட்டகைக்குப் போய்வந்தால் கிடைக்கும். உயர்வெப்பத்துக்கு அந்தக் குலத்தைத் தேடிச் செம்பனை ஆலைக் குளத்துக்குப் போகவேண்டும். முதல் மாதம் முழு அளவு கழிவை இடாதீர்கள். கால் பங்கில் தொடங்கி, வாயு நீல நிறமாக எரிகிறதா என்று பார்த்து வாரந்தோறும் சிறிது சிறிதாக ஏற்றுங்கள்.

தொட்டி புளிக்கத் தொடங்குவதை எப்படி அறிவது? வழக்கமாகப் பி.எச். தாளை நனைத்துப் பார்க்கச் சொல்வார்கள். உணவுக்கழிவுத் தொட்டியில் அந்தத் தாள் ஏமாற்றும். அம்மோனியா அமிலத்தை முறித்துக்கொண்டே இருப்பதால், உள்ளே அமிலம் மலையாகக் குவிந்த பிறகும் தாள் 7.5 என்று நல்ல நிறத்தையே காட்டும். ஆகவே அடுப்பைப் பாருங்கள். சுடர் தள்ளாடி அணைந்தால் வாயுவில் மீத்தேன் குறைந்துவிட்டது என்று பொருள். இட்ட கழிவு குறையாமல் வாயு மட்டும் குறைந்தாலும், மூக்கைச் சுளிக்கவைக்கும் புளித்த வெண்ணெய் வாடை வந்தாலும் அன்றே கழிவு இடுவதை நிறுத்துங்கள். சூட்டை ஏற்றி விரைவுபடுத்தலாம் என்று கை பரபரக்கும். ஏற்றாதீர்கள், இருக்கும் சூட்டிலேயே அசையாமல் வையுங்கள். பதறிப்போய்ச் சுண்ணாம்பை அள்ளிக் கொட்டவும் வேண்டாம், பி.எச். ஏறினால் கெடுக்கும் அம்மோனியா இன்னும் பெருகும். சிறிது குழம்பை வெளியேற்றி, அந்த அளவுக்கு நீரும் புதுச்சாணமும் விட்டு, பத்துப் பதினைந்து நாள் பொறுத்திருங்கள். சுடர் மீண்டும் நிலைத்து நீலமாக எரியத் தொடங்கிய பிறகு, முன்பு இட்டதில் கால் பங்கிலிருந்து தொடங்கலாம்.